ஒலி இருக்கிறது, உருவம் எங்கே?

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் ஆண்டு முழுவதும் கல்யாணம்தான். அறுபது நிறைந்தவர்களுக்குச் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைத் தாண்டியவர்களுக்குச் சதாபிஷேகம். ஒரு குடும்பம் கலசத் தீர்த்தத்தைத் தலையில் வாங்கிக்கொண்டு நனைந்து நிற்கும். நாலு தூண் தள்ளி இன்னொரு குடும்பம் ஹோமகுண்டத்தின் முன்னால் சங்கல்பம் செய்துகொண்டிருக்கும். நாகஸ்வரமும் தவிலும் ஓயாது. வீடியோவும் ஓயாது.

அந்த வீடியோக்களில் ஒன்றைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கேமரா தாத்தாவையும் பாட்டியையும் விட்டு நகராது. நகர்ந்தால் பேரன் பேத்திகளிடம் போகும். நாகஸ்வரக்காரர் ஓரத்தில் பாதி முகமாக வந்து போவார். தவிலின் ஒரு பக்கம் தெரியும், அடிக்கிற கை தெரியாது. ‘கெட்டிமேளம்’ என்று குரல் எழும்பும் நொடியில் அத்தனை வாத்தியமும் உச்சத்துக்குப் போகும், கேமரா தாலியின் மேல் இருக்கும். இதில் யார் மீதும் குறை சொல்ல முடியாது. அது அந்தக் குடும்பத்தின் விசேஷம், கேமரா அவர்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் நாகஸ்வரத்தின் மண் இது. மயிலாடுதுறைப் பக்கம் பேருந்து ஏறினால் வழியிலேயே செம்பனார்கோயில், ரக்தி மேளத்துக்குப் பேர்போன பரம்பரையின் ஊர். வடக்கே திருவெண்காடு, மேற்கே திருவாவடுதுறை, இன்னும் போனால் திருவீழிமிழலை. ஊர்ப் பெயரையே முதற்பெயராகச் சுமந்த இந்த மேதைகளில் எத்தனை பேர் ஒரு முழுக் கச்சேரி வாசிப்பதை, தொடக்கம் முதல் மங்களம் வரை, முகமும் விரலும் தெரிய, ஒலியோடு சேர்த்து நம்மால் இன்று பார்க்க முடியும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது, கடல் தாண்டி நடந்த ஒரு கதையைத் தெரிந்துகொள்வது உதவும். உலகப் புகழ் பெற்ற ஒரு பாடகியின் கச்சேரி முழுவதையும் ஒரு பெரிய இயக்குநர் படம்பிடித்தார். அது 46 ஆண்டுகள் வெளிவரவில்லை.

1972 ஜனவரி 13, 14. லாஸ் ஏஞ்சலஸ் நகரில், கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில், நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயம். அரேதா ஃபிராங்க்ளினுக்கு அப்போது 29 வயது. ‘சோல்’ இசையின் அரசி என்று உலகம் கொண்டாடிய பாடகி. அப்பா சி.எல்.ஃபிராங்க்ளின் புகழ்பெற்ற போதகர்; மகள் சிறுமியாகப் பாடத் தொடங்கியது அவருடைய தேவாலயத்தில். மேடைகளை எல்லாம் வென்றபின், பிறந்த வீட்டு இசையான கோஸ்பல் பாடல்களைத் தேவாலயத்திலேயே, சபை மக்களின் முன்னால் பாடி இசைத்தட்டாக்க விரும்பினார். ஜேம்ஸ் கிளீவ்லாண்ட் என்ற போதகர் பியானோவில் இருந்தார். அவருடைய சேர்ந்திசைக் குழு பின்னால் நின்றது. இரண்டு இரவுகள் பதிவு நடந்தது.

அதே ஆண்டு ‘அமேசிங் கிரேஸ்’ என்ற இரட்டை இசைத்தட்டு வந்து இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அரேதாவின் இசைத்தட்டுகளிலேயே அதிகம் விற்றது அதுதான்.

இசைத்தட்டுக்கான பதிவோடு படப்பிடிப்பும் நடந்தது பலருக்குத் தெரியாது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அந்தப் பொறுப்பை சிட்னி போலக்கிடம் கொடுத்திருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஆஸ்கார் பரிந்துரை பெற்றிருந்தவர். பிற்காலத்தில் ‘அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா’வுக்காக ஆஸ்காரே வாங்கியவர். 16 மில்லிமீட்டர் கேமராக்களோடு அவருடைய ஆட்கள் தேவாலயத்துக்குள் நாலா பக்கமும் நின்றார்கள், குனிந்தார்கள், ஓடினார்கள். ஏறக்குறைய 20 மணி நேரக் காட்சி பதிவானது. பாட்டின் உருக்கம் தாங்காமல் கிளீவ்லாண்ட் முகத்தை மூடிக்கொண்டு அழுவது அதில் இருக்கிறது. பியானோ முன்னால் பாடிக்கொண்டிருக்கும் மகளின் முகத்து வியர்வையை அப்பா எழுந்து வந்து துடைத்துவிடுவது இருக்கிறது. இரண்டாம் நாள் கூட்டத்தின் பின்வரிசையில் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் மிக் ஜாகர் நிற்பதும் இருக்கிறது.

எல்லாம் இருந்தது. கிளாப் பலகை மட்டும் இல்லை.

கிளாப் பலகையைச் சினிமா படப்பிடிப்பில் எல்லோரும் பார்த்திருப்போம். காட்சி எண்ணைக் காட்டுவது அதன் ஒரு வேலைதான். ஃபிலிம் கேமராவுக்குப் படம் மட்டுமே தெரியும். ஒலி தனியாக வேறொரு கருவியில் நாடாவில் பதிவாகும். பலகையின் கட்டை வந்து விழும் ஒரு படக்கட்டத்தையும், நாடாவில் ‘டக்’ என்று கேட்கும் இடத்தையும் எடிட்டர் ஒன்றாக வைத்துவிட்டால் அதன்பின் உதடும் குரலும் பிசகாமல் ஓடும். அந்த ஓர் அடி இல்லையென்றால் எது எதோடு சேரும் என்று தெரியாது. 16 மில்லிமீட்டர் கேமராவில் 400 அடிச் சுருள் ஒன்று 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 20 மணி நேரம் என்றால் நூற்றுக்கு மேற்பட்ட சுருள்கள். ஒவ்வொரு கேமராவும் தன் இஷ்டத்துக்கு ஓடி நின்று மறுபடி ஓடியிருந்தது. போலக் கதைப்படங்களில் தேர்ந்தவர். நிறுத்தி நிறுத்தி எடுப்பது அவருக்குப் பழக்கம். கச்சேரி யாருக்காகவும் நிற்காது.

உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்துப் பார்த்தார்கள். சேர்ந்திசைக் குழுவை நடத்திய அலெக்சாண்டர் ஹாமில்டனையே உட்காரவைத்து எந்த வாய் எந்த வரியைப் பாடுகிறது என்று கேட்டார்கள். மாதங்கள் போயின. படம் கூடி வரவில்லை. வார்னர் பிரதர்ஸ் சுருள்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டது.

அந்தப் பெட்டியைத் திறந்தவர் ஆலன் எலியட். அரேதாவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இப்படி ஒரு படம் கிடக்கிறது என்று அங்கேதான் கேள்விப்பட்டார். போலக் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த 2007இல் எலியட் வார்னரிடமிருந்து காட்சிகளை வாங்கினார். 2008இல் போலக் இறந்துபோனார். எலியட் தன் வீட்டை அடமானம் வைத்து வேலையைத் தொடர்ந்தார். சுருள்கள் கணினிக்கு ஏறின. 1972இல் மாதக்கணக்கில் முயன்றும் கைகூடாத ஒலிப் பொருத்தம் டிஜிட்டல் கருவிகளால் முடிந்தது.

ஆனாலும் படம் வரவில்லை. 2011இல் அரேதா வழக்குத் தொடுத்தார். 2015இல் டெல்யூரைட் திரைப்பட விழாவில் திரையிட எல்லாம் தயாரான நேரத்தில், அரேதாவின் அனுமதி இல்லாமல் காட்டக் கூடாது என்று நீதிமன்றம் நிறுத்திவைத்தது. படமாக்கப்பட்ட உடலும் குரலும் தன்னுடையவை; கேட்காமல் காட்டாதே என்றார். 2018 ஆகஸ்ட் 16 அன்று அவர் மறைந்தார். சொத்து நிர்வாகத்தை ஏற்ற உறவினர் படத்தைப் பார்த்துச் சம்மதித்தார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் ஆவணப்பட விழாவில் ‘அமேசிங் கிரேஸ்’ முதன்முதலாகத் திரையேறியது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம். இயக்கம் என்று யார் பெயரும் அதில் இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அரேதாவின் பிடிவாதத்தால் ரசிகர்கள் இழந்ததைப் பற்றி வருந்துவார்கள். அது நியாயமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சுருள்கள் கிடந்ததற்குக் காரணம் அரேதா அல்ல, கிளாப் அடிக்காத படப்பிடிப்பு. அனுமதி கேட்கப்படாதபோது அவர் ‘முடியாது’ என்றார், அவ்வளவுதான். கலைஞருக்கு அந்தச் சொல் சொந்தம்.

காவிரிக் கரைக்கு வருவோம். இங்கே நடந்தது வேறு. படம் எடுத்து வெளிவராமல் போகவில்லை, எடுக்கவே இல்லை.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர். குட்டையான திமிரி நாகஸ்வரத்தின் இடத்தில் நீளமான பாரி நாகஸ்வரத்தை நிலைநிறுத்தியவர். அதைச் செய்து கொடுத்தவர் பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆச்சாரி. அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் வாசலிலும் ஊர்வலத்திலும் நின்றபடி, நடந்தபடி வாசிக்க வேண்டிய வாத்தியத்தை, மேடையில் உட்கார்ந்து கேட்கவைத்தவர் ராஜரத்தினம். சுருதிக்கு ஒத்துக்குப் பதில் தம்புரா வைத்துக்கொண்டார். கிராப்பு வெட்டிக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், மரியாதை குறைந்தால் வாசிக்க மறுத்தார். 1947 ஆகஸ்டில் நேருவிடம் செங்கோல் கொடுக்கத் திருவாவடுதுறை ஆதீனம் தில்லிக்கு அனுப்பிய குழுவில் அவரும் போனார்.

அவருடைய தோடி இசைத்தட்டில் கிடைக்கிறது. மணிக்கணக்கில் ஒரே ராகத்தை வாசிக்கக்கூடிய மனிதரின் சில நிமிடங்கள். அதைக் கேட்டே இன்றுவரை நாகஸ்வரக்காரர்கள் பாடம் படிக்கிறார்கள். ஆனால் ஊதுமுனையான சீவாளியை உதட்டில் எப்படிப் பொருத்தினார், நீண்ட கார்வையில் கன்னம் எப்படி நின்றது, துளையை முழுதாக மூடாமல் விரலைப் பாதி சாய்த்துக் கமகத்தை எப்படி எடுத்தார் என்பதைத் தட்டு சொல்லாது. நாகஸ்வரத்தில் பாதி வித்தை விரலிலும் உதட்டிலும் இருக்கிறது. பார்த்துப் படிக்க வேண்டிய வித்தை அது.

ஏன் எடுக்கவில்லை? சோம்பல் என்றோ அலட்சியம் என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. நாகஸ்வரத்தின் பெரிய வாசிப்பு எல்லாம் இரவில்தான். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்துக் கிளம்பினால் நான்கு வீதியும் சுற்றி வர விடிந்துவிடும். வீதி முனைகளில் நின்று நின்று ராக ஆலாபனை நடக்கும். செம்பனார்கோயில்காரர்களின் ரக்தி, ஒரே தாளக் கட்டைப் பல நடைகளில் வளர்த்துக்கொண்டே போகிற வாசிப்பு, இப்படிப்பட்ட இரவுகளில் விளைந்தது. வெளிச்சம் தீவட்டியும் பெட்ரோமாக்ஸும்தான். அன்றைய ஃபிலிமுக்கு அந்த வெளிச்சம் போதவே போதாது. ஒலிப்பதிவுக் கருவியோ ஒரு வண்டிச் சுமை. உலகப் போர்க் காலத்தில் கச்சா ஃபிலிமுக்குப் பங்கீடு வந்தது. ஒரு முழுப் படமே 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. இதில் கச்சேரிக்காக ஃபிலிமை ஓடவிட யார் துணிவார்கள்?

டச்சு ஆய்வாளர் ஆர்னால்ட் பாக்கே 1930களின் இறுதியில் தென்னிந்தியாவில் இசையையும் கூத்தையும் பதிவுசெய்து திரிந்தார். அவரிடம் இருந்த கேமரா ஊமை. ஒலி தனி, படம் தனி. கிளாப் பலகைப் பிரச்சினை அவருக்கும் இருந்தது என்றே சொல்லலாம்.

தமிழ் சினிமா சங்கீத வித்வான்களைக் கூப்பிடாமல் இல்லை. ராஜரத்தினமே 1940இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய ‘கவி காளமேக’த்தில் காளமேகமாக நடித்தார். முசிரி சுப்பிரமணிய ஐயர் துக்காராம் ஆனார். ஜி.என்.பாலசுப்பிரமணியம் (ஜி.என்.பி.) துஷ்யந்தன், எம்.எஸ்.சுப்புலட்சுமி சகுந்தலை, பிறகு மீரா. மயிலாடுதுறையில் பிறந்த தியாகராஜ பாகவதரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இவர்கள் எல்லாம் வேஷத்தில், கதைக்குள், மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடங்கியவர்கள். மீசையும் கிரீடமும் தெரியும், கச்சேரி தெரியாது.

நாகஸ்வரத்துக்கு இன்னொரு விதமாக நேர்ந்தது. தமிழர்கள் அதிகம் பார்த்த நாகஸ்வரக் கச்சேரி எது என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் சொல்வார்கள்: 1968இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த ‘தில்லானா மோகனாம்பாள்’. வாசித்தது மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் சிவாஜியும் ஏ.வி.எம்.ராஜனும். சிவாஜி விரல் வைப்பதையும் மூச்சு எடுப்பதையும் அத்தனை நுணுக்கமாகச் செய்திருப்பார். அது பெரிய நடிப்பு. 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாகஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம், ராஜரத்தினத்தின் சீடர். திரையில் ஜெமினி கணேசன். இரண்டே ஆண்டில், 1964இல், காருகுறிச்சி மறைந்துவிட்டார். கேமரா இருந்தது, விளக்கு இருந்தது, ஃபிலிம் இருந்தது, கலைஞரும் இருந்தார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவரை உட்காரவைத்து அரைமணி நேரம் எடுத்திருந்தால்? நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை.

சென்னையில் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15. அதற்குள் வாய்ப்பாட்டு மேதைகளில் ஜி.என்.பி. போய்விட்டார், அரியக்குடி போய்விட்டார், மதுரை மணி போய்விட்டார், செம்பை போய்விட்டார். இவர்களின் கச்சேரிகள் இன்று நூற்றுக்கணக்கான மணி நேரம் கேட்கக் கிடைக்கின்றன என்றால் அதற்கு வானொலியும், சபாக்களுக்கு ஸ்பூல் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போன ரசிகர்களும்தான் காரணம். ஒலியை வீட்டுக்கு வீடு காப்பாற்றிய சமூகம் இது. உருவத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைஞர்களின் வழியில் வந்த ஒருவருக்கு மட்டும் ஒரு பெரிய இயக்குநர் கிடைத்தார். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி. 1935இல் கல்கத்தாவில் அவர் ஆடியதைப் பார்த்தபோது சத்யஜித் ராய்க்கு வயது 14. நாற்பது ஆண்டுகள் கழித்து 1976இல், தமிழ்நாடு அரசும் மும்பை தேசிய நிகழ்கலை மையமும் பொறுப்பேற்க, ராய் ‘பாலா’ என்ற அரைமணிப் படத்தை எடுத்தார். பாலாவுக்கு அப்போது 58 வயது. கடற்கரையில், காற்று புடவையைப் பிடுங்க, ‘கிருஷ்ணா நீ பேகனே’ ஆடுவார். உச்சக் காலத்தில் எடுத்திருக்க வேண்டிய படம் என்று குறைப்படுபவர்கள் உண்டு. ராஜரத்தினத்துக்கு 58ஆவது வயதில் அரைமணி கிடைத்திருந்தால் போதும் என்றுதான் காவிரிக் கரையில் இருப்பவர்களுக்குத் தோன்றும்.

போனது போயிற்று. இருப்பது என்ன ஆகிறது என்பதைப் பேச வேண்டும். 1980களின் நடுவிலிருந்து வீடியோ கேமரா இந்தப் பக்கத்துச் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. கல்யாணத்தில், கும்பாபிஷேகத்தில், தேர்த் திருவிழாவில், இசை விழாவில் எடுத்த விஎச்எஸ் கேசட்டுகள் மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் ஸ்டுடியோப் பரண்களிலும் வீட்டு அலமாரிகளிலும் இன்னும் இருக்கின்றன. அன்று திருமண வரவேற்பில் மூன்று மணி நேரம் வாசித்த வித்வான் ஒருவரை, சாப்பாட்டுக் கூட்டம் கலைந்தபின் வேறு வேலை இல்லாமல் வீடியோக்காரர் நிலையாக நின்று எடுத்திருக்கக்கூடும். அது எடிட் செய்த ஆல்பத்தில் வராது. எடிட் செய்யாத மூலக் கேசட்டில் இருக்கும். வெளிவராத கச்சேரிப் படம் என்றால் நம் ஊரில் அதுதான்.

அந்த மாதிரிச் சேமிப்பிலிருந்து என்ன கிடைக்கும் என்பதற்கு உலகில் சாட்சி இருக்கிறது. 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடந்த கறுப்பின இசை விழாவை ஹால் டல்ச்சின் சுமார் 40 மணி நேரம் பதிவுசெய்தார். வாங்க ஆளில்லை. ஐம்பது ஆண்டுகள் கிடந்தது. 2021இல் ‘சம்மர் ஆஃப் சோல்’ என்ற படமாகி, மறு ஆண்டு ஆஸ்கார் வாங்கியது. டல்ச்சின் 2017இலேயே இறந்துவிட்டார்.

டல்ச்சினின் நாடாக்கள் கிடந்தது நிலவறையில், இங்கே இருப்பது டெல்டாவின் ஈரம். காந்த நாடாவின் எதிரி அது. மழைக்காலம் நான்கு கண்ட கேசட்டைத் திறந்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை தெரியும். அதை அப்படியே டெக்கில் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். முதலில் சுத்தம் செய்ய வேண்டும், அது தெரிந்தவர் கையால். ஃபிலிமாக இருந்தால் டப்பாவைத் திறந்ததும் காடி நெடி அடிக்கும். அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கருவிப் பக்கம் இன்னும் மோசம். விஎச்எஸ் ரிக்கார்டர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபூனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி இருக்கிற டெக்குகள் ஓடும் வரைதான். இதோடு 2004 சுனாமி, 2018 கஜா புயல் என்று இந்தக் கரை பட்டது எல்லோருக்கும் தெரியும். ஓட்டு வீட்டுப் பரணில் இருந்த கேசட் எத்தனை போனதோ.

ஒலியும் படமும் பிரிந்து கிடந்தாலும் நாகஸ்வரக் கச்சேரியைச் சேர்ப்பது அரேதாவின் கச்சேரியைச் சேர்ப்பதைவிட எளிது. வானொலிக்காகவோ ரசிகர் ஒருவரின் டேப்பிலோ நல்ல ஒலி இருக்கிறது, வீடியோவில் ஒலி இரைச்சலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேளக் குழுவில் ஒருவர் எப்போதும் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டு ஜால்ராவும் முட்டும் கணம் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். காதுக்கு அது கூர்மையான ஒரே ஒலி. கச்சேரி முழுவதும், அட்சரத்துக்கு அட்சரம், கிளாப் பலகை அடித்துக்கொண்டே இருப்பது போலத்தான். தாளக்காரர் படத்தில் இல்லையென்றால் தவில் போதும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் வேகமாக ஓடும், அதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இடப்பக்கமான தொப்பியில் கழி வந்து இறங்குவது தெளிவாகத் தெரியும். தீர்மானத்தின் கடைசி அடியைப் பிடித்துவிட்டால் எடிட்டருக்கு வேறென்ன வேண்டும்? இன்று கைப்பேசியில் எடுப்பவர்களும் வாசிப்புக்கு முன் கேமரா எதிரில் ஒருமுறை பளிச்சென்று கைதட்டிவிடலாம். எதிர்காலத்தில் யாரோ ஒருவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

தொழில்நுட்பத்தைவிடக் கடினமானது அனுமதி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்றைச் சேர்த்தது. பாடுபவர், வாசிப்பவர், ஆடுபவர் எல்லோருக்கும் தம் நிகழ்ச்சியின் மீது உரிமை உண்டு. 1999 திருத்தத்துக்குப் பின் அதன் காலம் 50 ஆண்டு. 2012இல் இன்னும் இரண்டு விஷயங்கள் உறுதியாயின. எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்துப் படத்தில் இடம்பெற்றாலும், வணிகமாகப் பயன்படுத்தினால் கலைஞருக்குப் பங்கு உண்டு. இவர்தான் வாசித்தார் என்று பெயர் சொல்லப்பட வேண்டும் என்பதும், பெயருக்குக் களங்கம் வருகிறபடி வெட்டித் திரிக்கக் கூடாது என்பதும் கலைஞரின் உரிமை.

நடைமுறையில் நடப்பது வேறு. யூடியூபில் நாகஸ்வரம் என்று தேடினால் ஆயிரக்கணக்கான துண்டுகள் வருகின்றன. ‘மங்கள இசை’ என்று தலைப்பு, அடியில் கோபுரப் படம். வாசித்தவர் பெயர் பலவற்றில் இல்லை. ராஜரத்தினம் எதற்காக மல்லுக்கட்டினாரோ அந்த மரியாதை இங்கே இன்னும் பாக்கி இருக்கிறது. பணம் கொடுத்துக் கூப்பிட்டோம், வாசித்தார், எடுத்தோம், முடிந்தது என்ற எண்ணம் தப்பு. கூலி அன்றைய வாசிப்புக்கு, படத்துக்கு அல்ல. அரேதா நீதிமன்றம் போய்ச் சொன்னதை ஒரு கோயில் நாகஸ்வரக்காரர் போய்ச் சொல்ல மாட்டார் என்பதாலேயே கேட்காமல் இருந்துவிடலாம் என்று ஆகாது.

காக்கிற இடங்கள் இல்லாமல் இல்லை. 1964இல் தொடங்கிய புனே தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம், 2014 முதல் மும்பையிலிருந்து இயங்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், குருகிராமில் இருக்கும் அமெரிக்க இந்தியவியல் கழகத்தின் இசை ஆவண மையம், சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் என்று பழையதைப் பேணத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் திருக்கடையூர்ப் பரணில் இருக்கும் கேசட்டுக்கு அவர்கள் வந்து சேர வேண்டுமானால் அது இருப்பதை யாராவது சொல்ல வேண்டும். கோயில்கள்தோறும் மேளக்காரர்கள் இருக்கிறார்கள், அரசு இசைக் கல்லூரியும் இசைப் பள்ளிகளும் நாகஸ்வரம் சொல்லித் தருகின்றன. மாவட்டத்துக்கு ஒரு நல்ல டெக், ஒரு கணினி, பழக்கப்பட்ட ஓர் ஆள் என்று அந்தப் பள்ளிகளிலேயே வைத்தால் ஐந்தாண்டில் பெரும்பகுதி மீண்டுவிடும். பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை இது. அரசு மனது வைத்துச் செய்ய வேண்டும்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது உண்டு. பழைய கேசட் கிடைத்தால் முதலில் அதன் முதுகில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. படுக்கவைக்காமல் நிறுத்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஊர், கோயில், தேதி, நாகஸ்வரம் யார், தவில் யார், தாளம் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி உள்ளேயே போட்டு வையுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள். பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். கணினியில் ஏற்றினால் பிரதியை இரண்டு இடத்தில் வையுங்கள். இணையத்தில் போடும் முன் வாசித்தவரையோ அவர் பிள்ளைகளையோ தேடிப் போய்க் கேளுங்கள், முதல் பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள்.